பஸூன் நாற்காலி

ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் பிளாந்தினாவின் நாற்காலி ஓரடி பின்னால் போகும். பஸூன் வாசிப்பவர்களின் நாற்காலி அப்படித்தான். ஆளுயர மரக்குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளும் கூடவே போனாள். பதினெட்டு வருடத்தில் நாற்காலி மேடையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கேன்டீனுக்குள் வந்திருந்தது. இப்போது சாம்பார் அண்டாவுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் இருந்து வாசிக்கிறாள். அவள் முறை வரும்போது மாஸ்டர் மிக்ஸியை நிறுத்துவார். வேறு யாரும் எதையும் நிறுத்தியதில்லை.

அன்று சாயங்காலம் ஒற்றை பஸூனுக்காக எழுதப்பட்ட கான்செர்ட்டோ. பஸூன் முன்னால் இருந்து தனியாக வாசிக்க வேண்டும். மொத்த வாத்தியக் குழுவும் பின்னால் இருந்து துணை செய்யும்.

பிளாந்தினா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். தாழ்வாரம் அவளைக் கண்டதும் நீண்டது. அவள் ஓடினாள். அதுவும் நீண்டது. கடைசியில் தாழ்வாரத்துக்குத்தான் மூச்சு வாங்கியது. பஸூன்காரியோடு மூச்சுப் பந்தயத்துக்கு வந்தது அதன் தப்பு.

மேடை வாசலில் இசைச் சங்கத்தின் செயலாளர் துரைக்கண்ணு நின்றிருந்தார். முன்னால் உட்காருவதற்கான படிவம் எங்கே என்று கேட்டார். ஏற்கெனவே முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் படிவம் தருவார்களாம். அவள் இசைத்தாளை நீட்டினாள். தலைப்பை விரல் வைத்துப் படித்தார். வேறு வழியில்லாமல் ஒதுங்கினார்.

"இன்னிக்கு ஒரு நாள்தாம்மா. முடிஞ்ச நிமிஷம் நாற்காலி கேன்டீனுக்குக் கிளம்பிடும். நீங்களும் அதோட போயிடணும்."

"அப்ப நான் முடிக்க மாட்டேன் சார்."

"முடியாத கான்செர்ட்டோ எங்கம்மா இருக்கு?"

அவள் போய் முன்னால் உட்கார்ந்தாள். பஸூனின் எடையைத் தாங்கும் தோல்பட்டையை நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, பட்டையின் கொக்கியைப் பஸூனின் அடிவளையத்தில் மாட்டினாள். வாசித்தாள்.

முடிவுக்குச் சற்று முன் குழு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அங்கே தனியாக வாசிப்பவர் மனம்போல வாசிக்கலாம். போதும் என்று தோன்றும்போது இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி அதிரவிடுவார். அதற்குப் பெயர் ட்ரில். அதைக் கேட்ட பிறகுதான் குழு மறுபடி வாசிப்புக்குள் நுழையும்.

பிளாந்தினா அந்த இடத்துக்கு வந்தாள். ட்ரில் கொடுக்கவில்லை.

வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். ஒருவருக்குத் தாடி வளர்ந்தது. முன்வரிசையில் ஒரு தம்பதி பெண்ணுக்கு வரன் பார்த்து, பேசி, முடித்துவிட்டார்கள். குழுவை நடத்தும் ஜெபரத்தினத்தின் தூக்கிய கையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. அவர் கையை ஆட்டவில்லை.

செயலாளர் குனிந்தபடி மேடைக்கு வந்தார். எல்லோரையும் உள்ளே நுழையச் சொன்னார்.

"ட்ரில் வரலையே. எப்படி நுழையறது?" என்றார் ஜெபரத்தினம்.

"சும்மா நுழைங்கய்யா. அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"பதினெட்டு வருஷமா சொல்லாததைத்தான் இப்ப சொல்லிட்டிருக்காங்க."

செயலாளர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் முத்திரையை எடுத்து இசைத்தாளின் மேல் குத்தினார். 'முடிந்தது' என்று விழுந்தது. நாற்காலி உடனே பின்னால் நகர ஆரம்பித்தது.

பஸூனில் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டால் வருகிற சுரம் ஒன்று உண்டு. அதற்கு விரலே வேண்டாம். பிளாந்தினா அதைப் பிடித்து நீட்டினாள். வலது கையால் கொக்கியைக் கழற்றினாள். முந்தானையை அந்த வளையத்தில் கோத்துக் கழுத்தோடு முடிந்தாள். எழுந்து நின்றாள்.

நாற்காலி அவளில்லாமல் நகர்ந்தது. ஆளில்லாமல் நாற்காலி போவது விதிமீறல். செயலாளர் பதறி ஓடிப்போய் அதில் உட்கார்ந்தார். அது வேகம் பிடித்தது.

"யம்மா, இதை நிற்கச் சொல்லும்மா."

அவள் வாயில் பஸூன் இருந்தது. செயலாளர் சுவரைத் தாண்டிப் போனார்.

பிளாந்தினா நின்றபடியே இன்னும் கொஞ்சம் வாசித்தாள், தனக்காக. பிறகு ஜெபரத்தினத்தைப் பார்த்து ட்ரில்லைத் தொடங்கினாள்.

நாற்பது பேரும் அவளுக்குப் பின்னால் நுழைந்தார்கள்.