மூன்றாவது வரி

துக்க வீட்டுக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுகூட இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஒருத்தன் வாசலில் நின்று போனில் வீட்டு வாடகையைப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் உட்காருவதற்குத்தான் பெரியவர் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரிக்கப் பார்த்தார். ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றன. கீழே இருந்ததை மிதித்துக்கொண்டு இழுத்தார்.

"விடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்," என்றான் மகன்.

"நீ பாத்துக்கிட்டது போதும். உள்ள போய் உங்கக்கா பக்கத்துல உக்காரு."

நடு அறையில் பெட்டிக்குள் மகள் படுத்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பார்த்தால் தெரியாது. கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவோடேயே இருந்துவிட்டாள். பஸ் டிப்போவில் காலை நேர டிக்கெட் கவுண்டர் வேலை. மதியம் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளிக்குப் போய்விடுவாள். அப்பா அம்மா வேலை முடிந்து வரும்வரை போக்கிடம் இல்லாத பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

பெரியவருக்கு அது பிடிக்கவே இல்லை. கார்களின் நெளிசலைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலையில் காலத்தை ஓட்டியவர் அவர். சத்தம் வந்தால் அங்கே வேலை நடக்க வேண்டும். வேலை நடக்காத சத்தம் வெட்டிச் சத்தம்.

போன் பேசி முடித்தவன் வந்து அவர் கையைப் பிடித்தான். "எப்படிங்க இப்படி திடீர்னு?"

காலையிலிருந்து இதே கேள்விதான். பதிலும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. "ஒரு வாரம்தான். மூச்சு வாங்குதுன்னா. ஆஸ்பத்திரியில சேத்தோம். போயிட்டா."

"முன்னாடி ஒண்ணுமே தெரியலயா?"

"தெரிஞ்சா விட்டிருப்பேனா?"

டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தான். நுரையீரலில் நோய் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டான். தன் கையில் செத்தால் வேறென்ன சொல்வான்? பழியை வீட்டுக்காரன் தலையில் கட்டுவான். பெரியவர் அதை நம்பவில்லை. அதை நம்பாமல் இருந்ததால்தான் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்க முடிந்தது.

மயானத்துக்கு வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது தெருவில் சலசலப்புக் கேட்டது. பள்ளிச் சீருடையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் தலைமை ஆசிரியை. வெயிலில் வந்ததில் அவர் முகம் சிவந்திருந்தது.

"ஐயா, இவங்கதான் பாட்டக்காவோட பிள்ளைங்க."

"யாரு பாட்டக்கா?"

"உங்க பொண்ணுதாங்க. பிள்ளைங்க அப்படித்தான் கூப்பிடும்." ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். "அவங்க முன்னால ஒரே ஒரு பாட்டுப் பாடிட்டுப் போறோம்னு காலையிலேருந்து ஒரே அடம்."

"எதுக்கு? போட்டோ எடுத்து ஸ்கூல் வாசல்ல மாட்டவா?"

"ஐயோ, போட்டோ எல்லாம் இல்லைங்க."

"பாட்டு பாட்டுன்னு கத்தித்தான் அவ நெஞ்சு கெட்டுது, டீச்சரம்மா. செத்தப்புறமும் விடமாட்டீங்களா?"

வாசலில் இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். மகன் உள்ளேயிருந்து வந்தான்.

"அப்பா, அக்காவுக்குப் பிடிக்கும்ப்பா."

"அவளுக்குப் பிடிக்கும்னு இப்ப வந்து எனக்குச் சொல்லு. வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாக்கறவன்."

அந்த அடி கொஞ்சம் அதிகம் என்று பெரியவருக்கே பட்டது. வழியை விட்டு நகர்ந்தார். "ஒண்ணே ஒண்ணு. இழுக்கக் கூடாது."

பிள்ளைகள் பெட்டியின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி விரலைத் தூக்கி மூன்று முறை ஆட்டினாள். பாடத் தொடங்கினார்கள்.

"பென்சில் தூங்குது பெட்டியிலே,
பலகை தூங்குது சுவரினிலே,
மணி அடிச்சாச்சு, நமக்கு மட்டும்..."

பாட்டு நின்றது. அத்தனை பிள்ளைகளும் ஒன்றுபோல முகத்தை இடது தோள் பக்கம் திருப்பி, கையை மடக்கி வாயில் வைத்து, "க்ஹும், க்ஹும்" என்று இருமினார்கள். பிறகு நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "தூக்கம் எங்கே, தூக்கம் எங்கே?" என்று முடித்தார்கள்.

போனில் வாடகை பேசியவன் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஏய், என்ன விளையாட்டு இது?" ஆசிரியைக்குக் காது வரை சிவந்தது. "எங்க வந்து என்ன பண்றீங்க?"

"விளையாட்டு இல்ல மிஸ்," என்றாள் பல் விழுந்த சிறுமி. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாட்டே அப்படித்தான். மூணாவது வரிக்கப்புறம் ரெண்டு தரம் இருமணும். பாட்டக்கா அப்படித்தான் பாடுவாங்க. இவன் ஒரு நாள் இருமாமப் பாடிட்டான், நாங்க எல்லாம் தப்புன்னு சொன்னோம்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?" கேட்டது பெரியவர்.

"சிரிச்சாங்க. சரி, இருமியே பாடுங்கன்னாங்க."

பெரியவர் குனிந்தார். முட்டி வலித்தது. "எப்போ சொல்லிக் குடுத்தா இந்தப் பாட்டை?"

"நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது."

"இப்ப?"

"நாலாங்கிளாஸ் முடியப் போகுது தாத்தா."

அவர் நிமிர்வதற்கு மகனின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்த மூணாங்கிளாஸ் வருஷத்து மழைக்காலத்தில்தான் மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து இருமினாள். நாலைந்து நாள் இருமினாள். "இன்னொரு தரம் இந்த வீட்ல இருமல் சத்தம் கேட்டுது, நேரா ஸ்கூலுக்குப் போய் உன் கிளாஸுக்கு ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருவேன்," என்றார் அவர். செய்யக்கூடிய ஆள்தான். அது அவளுக்கும் தெரியும். அதோடு இருமல் நின்றுபோனது. ஒரு மிரட்டலில் நோய் ஓடிவிட்டது என்று தெருமுனை டீக்கடையில் சொல்லிச் சிரித்துக்கூட இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் கதவைத் தட்டினார்.

"இப்படிக் கொட்டி விடறியே, உங்கப்பன் வீட்டுத் தண்ணியா?"

"ஆமா, எங்கப்பன் வீட்டுத் தண்ணிதான்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

புதிதாக யாரோ வந்து அவர் கையைப் பிடித்து, "எப்படிங்க திடீர்னு?" என்று கேட்டார்கள். பெரியவர் வாயைத் திறந்தார். "ஒரு வாரம்..." என்றார். மேலே வரவில்லை. கேட்டவர் அதை அழுகை என்று நினைத்துக்கொண்டு, முதுகைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆசிரியை பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் வந்தார். "மன்னிச்சுக்குங்க ஐயா. சின்னப் பிள்ளைங்க. புது டீச்சர் வந்ததும் திருத்தச் சொல்றேன்."

"நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க? ஒரு வருஷத்துக்கு மேல இருமியிருக்கா. உங்க காதுல விழலயா?"

கொஞ்சமாவது அங்கே தள்ளிவிடலாம் என்று பார்த்தார்.

"விழுந்துச்சுங்க. எத்தனையோ தரம் கேட்டேன்." ஆசிரியை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அப்பா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார், மருந்து வாங்கிக் குடுத்து வேளா வேளைக்கு மிரட்டி மிரட்டிச் சாப்பிட வைக்கிறார்னு சொல்லுவாங்க. கொடுத்து வெச்சவங்கன்னு நினைச்சுக்குவேன்."

பெரியவர் சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று இருந்தது. அதை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தார்.

"பாட்டுக்கு அவ தட்டுவாளே, அந்தக் கீபோர்டு. கட்டிலுக்கு அடியில இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"ஐயா, நாங்க அதுக்காக வரலை."

"கிளாஸ் நல்லதுன்னு குடுக்கல. எதுக்குன்னு எனக்கு இன்னமும் விளங்கல. இங்க கிடந்தா தூசிதான் பிடிக்கும்." பிறகு சொன்னார்: "புது டீச்சர் இருமினா, அவங்க சொல்றதைக் கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க."

வண்டி தெருமுனையில் திரும்பியது. ஆட்கள் எழுந்தார்கள், நாற்காலிகள் உரசின. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, சுவரோரம் நின்ற பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

ஆசிரியை அவர் கூடவே நடந்து வந்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேங்க. சாயங்காலம் பிள்ளைங்களோட இருக்கற அந்த ஒரு மணி நேரம் அவங்க ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்க. நீங்க மனசுல எதையும் போட்டுக்காதீங்க."

"நீங்க சொல்றீங்க," என்றார் பெரியவர். ஆசிரியையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

மகன் வண்டிக்குள்ளிருந்து கையை நீட்டினான். "ஏறுங்கப்பா. இடம் இருக்கு."

"நீ போ. நான் நடந்து வரேன்."

"ரொம்ப தூரம்ப்பா."

"போன்னா போ."

வண்டி மெதுவாகத்தான் போனது. அவர் அதைவிட மெதுவாக நடந்தார்.