கொலுப்படியில் ஒரு வைகவுண்ட்

விஜயதசமியன்று விளக்கேற்றி ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது. ஒன்று தூங்கினால்தான் மற்றதெல்லாம் கண்ணை மூடும். படுத்ததை மறுநாள் காலைவரை தூக்கக் கூடாது. சித்திரக்குளத்துப் பக்கம் அந்த வீட்டில் வருஷா வருஷம் மரப்பாச்சிதான் படுக்கும். தொண்ணூற்றாறில் மட்டும், சுப்புலக்ஷ்மி ஆரத்தியை வாசலில் கொட்டிவிட்டு வருவதற்குள் அவள் அகமுடையான் ஸ்ரீனிவாசராகவன் ஒரு காரியம் பண்ணிவிட்டார்.

அந்த வீட்டுக் கொலுவே தனி தினுசு. மேலே பெருமாளும் தசாவதாரமும். கீழ் இரண்டு படி பூராவும் பொம்மை விமானங்கள். அவர் மீனம்பாக்கத்தில் விமான மெக்கானிக்காக இருந்து ரிட்டயரானவர். அந்த இரண்டில் மேல்படியில் அவர் தேடித் தேடிச் சேர்த்த பழசுகள்: டகோட்டா, காமெட், எல்லாவற்றையும்விட உயிராக நினைக்கும் நாலு எஞ்சின் வைகவுண்ட். அதன் நான்கு காற்றாடிகளுக்கும் எண்ணெய் போட்டு வைத்திருப்பார். ஊதினால் சுற்றும். கீழ்ப்படியில் மகள் ஹம்சினி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புது ரகங்கள். "ரெண்டே ரெண்டு எஞ்சினை நம்பிக் கடலைத் தாண்டறதாவது!" என்பார் அப்பா. "உங்க வைகவுண்டெல்லாம் எங்கயோ தூங்கிண்டிருக்குப்பா" என்பாள் பெண். அன்றைக்கும் அப்படிச் சண்டை போட்டுவிட்டுத்தான், மத்தியானச் சாப்பாடு ஆனதும் சிங்கப்பூருக்குக் கிளம்பினாள். இரட்டை எஞ்சின் ஏர்பஸ்ஸில்.

அதே ரக ஏர்பஸ் பொம்மைதான் இப்போது ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"ஏன்னா, என்ன பண்ணி வெச்சிருக்கேள்! கொழந்தை அதுலதானே போயிண்டிருக்கா!"

"விளையாட்டுக்குடி. புதுசும் கொஞ்சம் தூங்கட்டுமே. வெறும் பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" ஈஸிசேரில் சாய்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். எதில் விளையாடுவது என்று விவஸ்தையே இல்லாத மனுஷர்.

சாஸ்திரமாவது ஒன்றாவது என்று அவள் அதைத் தூக்கி நிறுத்தினாள். சுண்டல் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டு வந்தால், மறுபடி படுத்திருந்தது. ஃபேனை அணைத்தாள். நிறுத்தினாள். கண்ணெதிரிலேயே சாய்ந்தது. பக்கத்து விமானங்கள் இம்மியும் அசையவில்லை. கையால் தாங்கிப் பிடித்தாள். தூக்கக் கலக்கத்தில் குழந்தை தலையைச் சாய்க்குமே, அந்தக் கனம் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

ஒன்று தூங்கியாக வேண்டும், அவ்வளவுதானே. மரப்பாச்சியைப் படுக்க வைத்துப் பார்த்தாள். ஏர்பஸ் அப்போதும் சாய்ந்தது. விமானத்துக்கு விமானம்தான் வேண்டுமோ? பயத்தோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. ஆரம்பித்தது அவர்தானே, அவருடையதே தூங்கட்டும். மேல்படியிலிருந்த வைகவுண்டை எடுத்து இடது பக்கமாகப் படுக்க வைத்தாள்.

ஏர்பஸ் ஆணி அடித்த மாதிரி நின்றது. அவள் வெகுநேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் பேப்பர் சரசரத்தது ஒரு தரம். பிறகு அதுவும் இல்லை.

போன் அடித்தபோது ஓடிப்போய் எடுத்தாள்.

"அம்மா, வந்து சேர்ந்துட்டேன். வழியில ஒரே கூத்து. ப்ளேன் ஒரு பக்கமா சாயறது, நிமிர்றது, மறுபடி சாயறது. எல்லாரும் அலறிட்டா. அப்பறம் யாரோ கையில ஏந்திண்ட மாதிரி நேராயிடுத்து. அப்பாகிட்ட குடேன். ரெண்டு எஞ்சினே பத்திரமா கொண்டுவந்து விட்டுடுத்துன்னு சொல்லணும்."

"பெருமாளே!" அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. "ஏன்னா, ஹம்சினி பேசறா! வாங்கோ!"

திரும்பினாள். பேப்பர் தரையில் கிடந்தது. ஸ்ரீனிவாசராகவன் ஈஸிசேரில் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன.

"ஏன்னா?"

அவள் பார்வை தானாகக் கொலுவுக்குப் போனது. ஃபேன் ஓடாத கூடத்தில், படுத்திருந்த வைகவுண்டின் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பார்க்கும்போதே ஒன்று நின்றது. அடுத்தது நின்றது. மூன்றாவதும் தயங்கித் தயங்கி நின்றது.

கையிலிருந்து நழுவிய ரிசீவர் ஒயரில் தொங்கியபடி "அப்பா? அப்பா?" என்றது. சுப்புலக்ஷ்மி வைகவுண்டை நோக்கிக் கையை நீட்டினாள். கடைசிக் காற்றாடி இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.