முந்தானை தெரியாத சேலை

காத்தான்குடியில் அக்காவின் கணவர் ஜிப்ரியின் புடவைக்கடைக்கு நிஸ்றா செய்துகொடுத்த இணையத்தளம் எல்லாப் போனிலும் ஒழுங்காகத் திறந்தது. புளியந்தீவில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் வினாயகமூர்த்திக்கு மட்டும் சரிவரவில்லை. மகளின் கலியாணத்துக்குச் சேலை பார்க்கிறாராம், ஒன்றிலும் முந்தானையைக் காணவில்லையாம். முந்தானையை எறிந்து காட்டாமல் இந்தப் பக்கம் யார் சேலை விற்றது? பிழை தளத்தில் என்றால் வேலையைக் கொழும்புக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்றார் ஜிப்ரி.

நிஸ்றாவுக்கு அதுதான் முதல் வேலை. அது கைவிட்டுப் போகக்கூடாது. அதோடு எங்குமே இல்லாத பிழை அங்கே மட்டும் எப்படிப் போய்க் குந்திக்கொண்டது என்பதை அறியாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேப்டொப்பையும் எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலம் தாண்டிப் போனாள்.

வினாயகமூர்த்தியின் கணினியில் எழுத்தெல்லாம் முதலாம் வகுப்புப் புத்தகத்தில் போலப் பருத்து நின்றது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மகன் பிரவுசரில் எழுத்தைப் பெருப்பித்து வைத்தானாம். எழுத்து சரி, படம் ஏன் பெருத்தது? நிஸ்றா எழுத்தை ஒரு படி குறைத்தாள். முந்தானை எட்டிப் பார்த்தது. கூட்டினாள், ஒளிந்துகொண்டது. ஆசை தீரும்வரை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

எழுத்துக்கு நல்லது என்று படித்த ‘ரெம்’ அளவை அவள் படங்களுக்கும் போட்டிருந்தாள். அது எழுத்தோடு சேர்ந்து வளர்கிற அளவு. பக்கம் ஆடாமலிருக்க, படத்துக்கு ஒதுக்கிய பெட்டியை மீறும் பகுதியை மறைத்தும் விட்டிருந்தாள். வலது ஓரத்து முந்தானை அதில்தான் போனது.

அந்த நேரம் பார்த்து ஜிப்ரி அழைத்தார். நிஸ்றா விசயத்தைச் சொன்னாள்.

“எழுத்தக் குறச்சி வெச்சிட்டு வா புள்ள. பிழ அவர்ட கம்பியூட்டர்ல எண்டு முடிச்சிரலாம்.”

வேலை தப்பிக்க ஒரு சொடுக்குப் போதும். அவள் விரல் தயங்கியது.

“குறச்சா எனக்கு விலை வாசிக்க ஏலா, மகள்,” என்றார் போனில் வந்ததைக் கேட்டுவிட்ட வினாயகமூர்த்தி, மெதுவாக.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. “நீங்க எழுத்துல கை வைக்க வேணாம் ஐயா. பிழ என்ட,” என்றாள், போனுக்கும் கேட்கும்படி. தான் இருக்கிற பெட்டியின் நூறு வீதத்துக்கு மேல் எந்தப் படமும் அகலக்கூடாது என்று லேப்டொப்பில் எழுதித் தளத்தில் ஏற்றினாள். எழுத்து அப்படியே இருக்க, மஞ்சள் முந்தானை முழுதாக வந்து நின்றது.

வினாயகமூர்த்தி உற்றுப் பார்த்தார். “இது வடிவில்ல. அடுத்தத பாப்பம்.”

இத்தனை நாளும் வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு வழியில்லாமல் வைத்திருந்தோமே என்று நிஸ்றாவுக்குச் சுருக்கென்றது. அடுத்ததையும் தள்ளினார். அதற்கடுத்த கத்தரிப்பூ நிறத்தில் அவர் கை நின்றது. “இதத்தான் என்ட மகள் தேடினவள்.”

கொழும்புக்காரரைப் பற்றி ஜிப்ரி பிறகு மூச்சு விடவில்லை. எடுத்து வைக்க அந்தச் சேலையின் இலக்கத்தை மட்டும் கேட்டார்.