குறுக்கே நின்றவள்

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா. வக்கீலம்மா முன்னாடி படுத்துக்கிட்டே பேசினா நல்லாருக்காது" என்றார் அப்பா.

மகள் அவருடைய அக்குளுக்குள் கைகளை நுழைத்து, ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, ஒரே மூச்சில் மேலே இழுத்து உட்கார வைத்தாள். இரண்டு வருடமாகச் செய்கிற வேலை. எங்கே பிடித்தால் முதுகில் வலி ஏறாது என்று கைகளுக்கே தெரியும். அன்று அவர் வழக்கத்தைவிட லேசாக இருந்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வக்கீலம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மடியில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். நீதிமன்றத்துக்கு அப்பாவால் வர முடியாது. அதனால் அவருடைய வாக்குமூலத்தை வாங்க அவளே வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய கார் விபத்தில் நொறுங்கிய விலா எலும்புகள் ஒருவழியாகக் கூடிவிட்டன. நுரையீரல்தான் திரும்பத் திரும்பச் சளி கட்டி, கடைசியில் எந்த மருந்துக்கும் மசியாமல் முரண்டு பிடித்தது.

வழக்கு விசித்திரமானது. காரை ஓட்டியவள் மகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அப்பா. நஷ்டஈடு கொடுக்க வேண்டியது அவளுடைய காருக்கு இன்சூரன்ஸ் போட்ட நிறுவனம். ஆகவே காகிதத்தில் அப்பா வாதி, மகள் பிரதிவாதி. "வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே அடுப்புலதான் காபி" என்று அம்மா முதல் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இரண்டாம் வருடம் சொல்லவில்லை.

"நடந்ததை உங்க வாயால சொல்லுங்கய்யா. நான் அப்படியே அடிச்சுக்கறேன்" என்றாள் வக்கீலம்மா.

"விடியக்காலை ஆறு மணி. நல்லா வெளிச்சம் வந்துடுச்சு. முன்னாடி வேலை பார்த்த எடத்துல கூப்பிட்டிருந்தாங்க, ஒரு லிஃப்ட் பாதி மாடியில மாட்டிக்கிச்சுன்னு. இவ ராத்திரி டூட்டி முடிச்சு வந்தா. நான் பஸ்ல போறேன்னேன், கேக்கல. நானே விட்டுட்டு வரேன்னா." அப்பா மூச்சு வாங்கினார். "பாலத்துக்கு முன்னாடி வளைவு. அங்க நடு ரோட்டுல ஒரு பொம்பளை நின்னா."

வக்கீலம்மாவின் விரல்கள் நின்றன. மகள் சுவரில் சாய்ந்தாள். இந்தப் பெண்ணைப் பற்றி அப்பா சொல்வது இது முதல் தடவை இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடமும் சொன்னார். அப்போது எல்லோரும் மயக்க மருந்தின் மேல் பழி போட்டார்கள்.

"ஐயா, தெளிவா சொல்லிடறேன். ரோட்டுல யாரோ குறுக்க நின்னாங்கன்னு வந்துட்டா, உங்க பொண்ணு வண்டியைத் திருப்பினது சரின்னு ஆயிடும். தப்பு யார் மேலயும் இல்லன்னு இன்சூரன்ஸ்காரங்க கையை விரிச்சிடுவாங்க. அந்த இடத்துல யாரும் நின்னதுக்கு அடையாளமே கிடையாது. ஒருவேளை அடிபட்ட அதிர்ச்சியில…"

"எனக்கு மேல்மாடி காலிங்கறீங்க."

"ஐயோ, இல்லய்யா."

"முப்பத்தஞ்சு வருஷம் எல்லாரோட மேல்மாடிக்கும் ஏறி லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன்மா நான். என்னுது எப்படி இருக்குன்னு தெரியாதா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நீடித்தது. மகள் முதுகைத் தடவினாள். அடங்கியதும் அவர் வக்கீலம்மாவைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளைத் தாண்டி, துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"சாம்பல் கலர்ல போத்திக்கிட்டிருந்தா. கையை இப்படித் தூக்கினா, பஸ்ஸை நிறுத்தற மாதிரி. பயமே இல்ல அவ முகத்துல. அவ கை சில்லுன்னு இருந்துச்சு."

"கையா?" வக்கீலம்மா நிமிர்ந்தாள். "ரோட்டுல நின்னவங்க கை சில்லுன்னு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் வந்து பிடிச்சுக்கிட்டா இல்ல" என்றார் அப்பா, இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

இதை மகள் அதுவரை கேட்டதில்லை. அவளும் அந்தச் சுவரைப் பார்த்தாள். போன மழையில் ஊறிய ஈரம் ஓர் ஆள் உயரத்துக்கு மங்கலாகப் படிந்திருந்தது. வெறும் ஈரம்தான்.

அவளால் அப்பாவை மறுக்கவும் முடியாது, ஆமோதிக்கவும் முடியாது. விபத்து நடந்த நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றே சொல்லி வந்தாள். ஞாபகம் இருந்தது. இரவு முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு வந்தவள், வளைவுக்கு முன்பே தூங்கிப்போனாள். இமை மூடியது ஞாபகமிருந்தது. எவ்வளவு இதமாக இருந்தது என்பதுகூட. அதற்குப் பின் கண்ணாடி உடையும் சத்தம். நடுவில் சாலையில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று கண்ணை மூடியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

வக்கீலம்மா, மறுநாள் வந்து கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கணினியை மூடினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகளிடம் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. அந்தப் பொம்பளை இருக்கற வரைக்கும் நம்ம கேஸ் நிக்காது."

மதியம் இரண்டு மணிக்கு அப்பாவின் மூச்சு மாறியது. உள்ளே இழுப்பது நீளமாகவும், வெளியே விடுவது மறந்துபோனது போலவும் இருந்தது. அம்மா காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் வலது பக்கம் உட்கார்ந்து அவருடைய வலது கையைப் பிடித்திருந்தாள். எதிர்வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு அடி, ஓர் இடைவெளி, மறுபடி நாலு அடி.

"அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் விடும்மா" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"எந்தப் பக்கம்ப்பா? நான் இங்கதானே இருக்கேன்."

ஆணி அடிக்கிற சத்தம் நின்ற நேரத்தில் அவருடைய மூச்சும் நின்றிருந்தது. எது முதலில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா அழவில்லை. எழுந்து போர்வையைச் சரிசெய்தாள். கைகளை மார்பில் சேர்த்து வைக்கப் பார்த்தாள். வலது கை எளிதாக வந்தது. இடது கை படுக்கையின் ஓரத்தில் உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பது போல மடங்கியிருந்தன. அம்மா ஒவ்வொரு விரலாக நிமிர்த்தினாள். நிமிர்த்திய விரல் மெல்ல மறுபடியும் மடங்கியது.

"விடும்மா" என்றாள் மகள்.

"சில்லுன்னு இருக்குடி."

"போயிட்டாரும்மா. அப்படித்தான் இருக்கும்."

"அந்தக் கையைத் தொடு. இன்னும் சூடா இருக்கு" என்றாள் அம்மா. மகள் தொட்டுப் பார்த்தாள். வலது கை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் எழுந்து சன்னலைச் சாத்தினாள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அப்பாவோடு வேலை பார்த்த நாலு பேர் வந்தார்கள். பெட்டியைத் தூக்கும்போது, நின்றுபோன லிஃப்ட்டிலிருந்து ஆளை இறக்குகிற பழக்கத்தில், "மெதுவா, மெதுவா, தளம் பார்த்து" என்று ஒருவர் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, மூச்சுத் திணறலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். சாம்பல் நிறத்தில் யாராவது போர்த்தி வந்திருக்கிறார்களா என்று மகள் தன்னையறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் வக்கீலம்மா அம்மாவையும் மகளையும் தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். இறந்தது விபத்தின் காயத்தால்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டதால், வழக்கை இனி அம்மாவின் பெயரில் நடத்தலாம் என்று விளக்கினாள். பிறகு ஒரு காகிதத்தை மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடியே இருந்தாள்.

"இது நேத்து எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்காரங்க கொடுத்தது. விபத்து நடந்த இடத்துக்கு முதல்ல வந்தது ஒரு ரொட்டி வேன் டிரைவர். இத்தனை நாள் கழிச்சு அவரைத் தேடிப் பிடிச்சிருக்காங்க. படிச்சுப் பாருங்க."

மகள் படித்தாள். தட்டச்சு செய்த ஒன்றரைப் பக்கம். 'நான் வேனை நிறுத்திவிட்டு ஓடினேன். காரை ஓட்டிய பெண் நினைவின்றி இருந்தார். பெரியவர் பக்கத்துக் கதவு பிய்ந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குனிந்து நின்று, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காரில் வந்த மூன்றாவது ஆள் என்று நினைத்தேன். உங்களுக்கு அடிபட்டதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட நான் சாலைக்குப் போய்த் திரும்பியபோது அவர் அங்கே இல்லை. என்ன உடுத்தியிருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளிர் நிறம். சாம்பலாக இருக்கலாம்.'

மகள் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

"ஆம்புலன்ஸ் பதிவேட்டுல ரெண்டே பேர்தான்" என்றாள் வக்கீலம்மா. "அந்தப் பக்கம் வீடு வாசல் கிடையாது. போலீஸும் விசாரிச்சுப் பார்த்தாச்சு. யாருன்னு எனக்கும் புரியல. ஐயா போலீஸ்கிட்ட சொன்னதையும் இதையும் சேர்த்து வெச்சு, ரோட்டுல ஆள் நின்னதாலதான் விபத்துன்னு சாதிப்பாங்க."

மகள் காகிதத்தை மடிக்காமல் திருப்பி வைத்தாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நான் தூங்கிட்டேன் மேடம்."

"என்னது?"

"வண்டி ஓட்டும்போது தூங்கிட்டேன். யாரும் நின்னாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. என் கண்ணு மூடியிருந்துச்சு. நான் எதைப் பார்த்தும் வண்டியைத் திருப்பல. அதுவா போச்சு." அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. "அப்படியே எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

வக்கீலம்மா பேனாவை எடுத்து, உடனே எழுதாமல் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா மடியிலிருந்த பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உன் தலை ரெண்டு தடவை சாஞ்சுதாம். ராத்திரியெல்லாம் முழிச்ச புள்ள, இன்னும் அஞ்சு நிமிஷத்துல எடம் வந்துடும்னு நெனச்சாராம். மூணாவது தடவை தட்டி எழுப்பலாம்னு கையை நீட்டினாராம்." அம்மா நிறுத்தினாள். "எழுப்பாம விட்டது என் தப்புன்னு சொல்லுவாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"அப்ப அந்தப் பொம்பளையை எனக்காகத்தான் சொன்னாரா? என் மேல தப்பு வரக் கூடாதுன்னு?"

அம்மா பையின் பிடியை விட்டாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். பொய்யா எதுக்குச் சொல்லணும், நின்னாளே, அப்படின்னாரு."

வக்கீலம்மா எழுதத் தொடங்கினாள். ஓட்டியவளே ஒப்புக்கொண்டபின் எதிர்த்தரப்புக்குப் பிடிமானம் இருக்காது, இழுத்தடிக்காமல் முடித்துக்கொள்வார்கள் என்றாள். அப்படியே நடந்தது, ஆறு வாரத்தில் வழக்கு முடிந்தது. அந்தப் பெண் யார் என்று சமரச உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாமல், மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு மகள் எழுந்தாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. கார் நிறுத்துமிடத்தில் அவர்களுடைய வண்டி மட்டும் நின்றது. அம்மா முன்கதவருகே போனாள், கைப்பிடியைத் தொட்டாள், பின்பு அதைத் திறக்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"முன்னாடி வரலியா?"

"இருக்கட்டும். நீ ஓட்டு."

மகள் வண்டியைக் கிளப்பினாள். தெருவுக்குத் திரும்புவதற்குள் வண்டி கூவ ஆரம்பித்தது. அவள் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், சரியாகவே போட்டிருந்தது. எதிரே சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்கிற விளக்கு. அந்த இருக்கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

அவள் ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது.

அம்மா பின்னாலிருந்து எட்டி, முன் இருக்கையின் பெல்ட்டை மெதுவாக இழுத்து, வெற்று இடத்தின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். சத்தம் நின்றது. மகள் கண்ணாடியில் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டு, வண்டியை மெல்லச் சாலைக்கு ஏற்றினாள்.