சந்தனக் கறையும் தூரத்து வெளிச்சமும்

அக்கா மகளுக்குக் காது குத்தப் போகிற நேரத்தில் கோயில் தூணோரம் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தியைத் தாராவி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் காட்ட முடியாது. பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, முகத்தில் மட்டும் இழவு வீட்டுக் களை. வானியல் ஆராய்ச்சி மாணவி விஜயராணிக்கு அன்று காலைதான் ஒரு காலக்சி, ஒரு முழு நட்சத்திரக் கூட்டமே, கையை விட்டுப் போயிருந்தது.

சாதாரணக் காலக்சியா அது! பூமியே பிறக்காத காலத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் நம்மிடம் வந்து சேர்கிறது. நடுவே கண்ணைக் கூசவைக்கும் ஒரு புள்ளி. அதன் இரண்டு பக்கமும் ரேடியோ அலைகளைக் கொட்டும் இரண்டு பெரிய மேகங்கள். அந்த மேகங்களில் பறக்கும் எலக்ட்ரான்கள் அண்டம் முழுக்கப் பரவிக் கிடக்கும் ஆதி வெளிச்சத்தில் மோதி, அதை எக்ஸ்ரேயாக எகிறவைக்கும் என்பது கணக்கு. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த எக்ஸ்ரே படத்தில் விஜயராணி அதைக் கண்டாள். புள்ளியின் இருபக்கமும் நீண்டு கிடந்த மெல்லிய ஒளி. அந்த மயக்கத்தில் அன்று ரயிலில், வீட்டுக்குப் பக்கத்து சயானில் இறங்க மறந்து குர்லா வரை போய்விட்டாள்.

ஆராய்ச்சி வழிகாட்டி சாதனா மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். சந்தோஷத்தைக்கூடச் சரிபார்த்த பிறகுதான் கொண்டாடுவார். "நடுவுல இவ்வளவு பிரகாசமா ஒண்ணு இருந்தா கேமராவே தன் பங்குக்கு ஒரு கோடு இழுத்துடும். இது அந்தக் கோடா இருந்தா?" என்றார். அதற்கு ஒரே வழிதான். அதே காலக்சியைத் தொலைநோக்கி வேறு கோணத்தில் திரும்பி நின்று இன்னொரு முறை எடுக்க வேண்டும். வானத்து ஒளி வானத்தில் இருந்தபடியே இருக்கும். கேமராவின் கோடு கேமராவோடு சேர்ந்து திரும்பிவிடும்.

அந்த இரண்டாவது படம் காலையில் வந்தது. முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒளி திரும்பியிருந்தது. 'போச்சு மேடம், கோடுதான்' என்று சாதனாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் புடவை கட்டிக்கொண்டாள். அடுத்த மாதக் கருத்தரங்கில் அவள் பேசுவதாக இருந்தது. இனி எதைப் பேச?

"ஏட்டி ராணி! அந்தப் பொட்டிய மூடி வச்சிட்டு வா. புள்ளைக்கு மொட்ட போட்டாச்சு, சந்தனம் தடவியாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி" என்று அம்மா பானுமதி சத்தம் போட்டாள்.

அக்கா ஷாலினிக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால், தாய்மாமன் மடிக்குப் பெரியப்பா மகன் மாரிக்கண்ணன் உல்லாஸ்நகரிலிருந்து வந்திருந்தான். குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பிய அதே கையால் ஏழெட்டு செல்ஃபி வேறு எடுத்து முடித்திருந்தான்.

"இந்தா, நீ எடு. ஆசாரி குத்தும்போது கரெக்டா அமுக்கணும். ஏக்தம் பக்கா போட்டோ வேணும், பாத்துக்கோ" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டுக் குழந்தையோடு பாயில் சம்மணம் போட்டான்.

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மங்கல். லென்சில் மாரிக்கண்ணனின் சந்தன விரல் பதிந்திருந்தது. துடைக்க நேரமில்லை, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். எல்லாரும் படத்தில் வரட்டும் என்று போனைப் படுக்கவைத்துத் திருப்பினாள். மங்கல் போனில் இருந்த அதே மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. போனின் சட்டத்துக்குள் குழந்தையும் மாரியும் ஆசாரியும் அல்லவா சாய்ந்தார்கள்!

மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி சாய்த்தாள். கறை அசையவில்லை, ஆட்கள்தான் திரும்பினார்கள்.

கேமராவில் கோளாறு தேடும்போது வானத்தின் வடக்கை மேலே வைக்காமல், கேமரா பிடித்த வாக்கிலேயே படத்தைப் பார்ப்பது அவர்கள் வழக்கம். காலையில் அவள் பார்த்ததும் அப்படித்தான். அந்தப் படத்தில் கோடாக இருந்தால் அசையாமல் கிடந்திருக்க வேண்டும்! திரும்பியது என்றால் அது வானத்துச் சரக்கு. அட மடச்சி, அவசரத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாயே!

"திரும்பிட்டு! திரும்பினாத்தான் நிஜம்!" என்று விஜயராணி கத்திய அதே நேரம் ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. மேளம் உச்சத்துக்குப் போனது.

"போட்டோ எடுத்தியா?" என்றான் மாரி.

"எடுக்கல அண்ணே."

"அரே!"

"இன்னொரு காது இருக்குல்லா. அதுக்கு அக்கா எடுப்பா" என்று போனை ஷாலினியிடம் தள்ளிவிட்டுத் தூணுக்கு ஓடினாள். தன் போனில் சாதனாவை அழைத்தாள். மேளச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்.

"பக்கத்துல இருக்கற மத்த புள்ளியெல்லாமும் திரும்பியிருக்கா?" என்று கேட்டார் சாதனா.

"காலைல வெட்டி எடுத்து அத மட்டும்தான் பாத்தேன் மேடம்."

"முழுசா திற. ரெண்டுலயும் வடக்கை மேலே வச்சு ஒண்ணு மேலே ஒண்ணு போடு. நான் லைன்லயே இருக்கேன்." அந்தக் குரலில் அவசரத்தை அவள் முதல்முறையாகக் கேட்டாள்.

இரண்டாவது படம் மெதுவாகத் திரும்பியது. தூரத்துப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தத்தம் ஜோடியின் மேல் போய் உட்கார்ந்தன. கடைசியாக அந்த மெல்லிய ஒளி, அதே இடத்தில், முன்னைவிட ஒரு பிடி அழுத்தமாக.

"ராணி? என்ன தெரியறது?"

"இருக்கு மேடம், அதே எடத்துலதான் இருக்கு!" என்றாள். அதற்குள் ஷாலினி அழுகிற குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். காதில் பொட்டுத் தங்கம், கன்னமெல்லாம் கண்ணீரும் சந்தனமும். திரை வெளிச்சத்தைக் கண்டதும் அழுகை நின்றது. பிஞ்சு விரல் நீண்டு, ஒளிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு வைத்தது.

விஜயராணி அதைத் துடைக்கவில்லை. குழந்தையின் விரலைத் தன் விரலோடு சேர்த்து டச்பேடில் வைத்து, படத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். சந்தனப் பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. தூரத்து ஒளி அதைத் தாண்டி, தன் வானத்தோடு சேர்ந்து போனது.