முன்பல்லுக்குத் தங்கம்

...அந்த வேதாவின் வாயில்தான் இருக்கிறது அம்மாவின் தோடு, காதில்கூட இல்லை, வாயில், கறியும் வெற்றிலையும் மென்றுகொண்டு... தாம்பரத்து மாடி கிளினிக்கின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும்போதும் கங்கையம்மாளுக்கு வயிறு எரிந்தது. உனக்குத்தான் என்று அம்மா தன் வாயால் சொன்ன தோடு, காரியம் முடிந்த கையோடு உருக்கிவிட்டாளே தம்பி பெண்டாட்டி, பல்லில் விரிசலாம், தங்கத்தில் உறை போட்டாளாம், திருநீர்மலைப் படியில் அத்தனை பேர் நடுவில் இளித்தாளே, “அத்தை ஞாபகமா வாயிலியே வச்சினுகீறேன் அண்ணி” என்று, ஞாபகமாம், கொழுப்பு, வேறென்ன? தம்பி அரிகிருஷ்ணனாவது ஒரு வார்த்தை கேட்டானா? நிலமெல்லாம் மனைபோட்டு விற்றதிலிருந்து அவள் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான் அவன். இருக்கட்டும், மாதக் கடைசியில் பல்லாவரத்தில் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம், அன்றைக்கு அத்தைக்காரியின் முன்பல் ஜொலிக்க வேண்டும், வேதாவினுடையதைவிடப் பெரிதாக, அதற்காகத்தான் தன் வளையலையே முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருக்கிறாள்.

ஆனால் இந்த டாக்டர் ஸ்ரீநிவாசன் விடுகிறாரா, பாடம் நடத்துகிறார்... உறையைச் சும்மா மேலே மாட்டிவிட முடியாதாம், பல்லைச் சுற்றிலும் அராவிச் சிறுத்து, மிஞ்சின துண்டின்மேல்தான் மாட்டவேண்டுமாம், அராவியது திரும்ப வளராதாம், விரிசல் விட்ட பல், பாதி உடைந்த பல், வேர் சிகிச்சை செய்த பல், இவை மெல்லும்போது பிளந்துபோகாமல் இருக்கத்தான் உறையாம். அவளுக்கும் அப்படி ஒன்று உண்டு, கடைவாய்ப் பல், இவரிடமே வேர் சிகிச்சை செய்தது, வலி போனதும் உறை எதற்கு என்று வராமலே இருந்துவிட்டாள், அதை இப்படியே விட்டால் முறுக்கு கடிக்கையில் இரண்டாகிவிடும், அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும் என்கிறார். போகட்டுமே, கடைவாயை எவள் எட்டிப் பார்க்கப் போகிறாள்?

“முன்னாடி பல்லுக்கே போடு சார்.”

“அது நல்ல பல்லும்மா. அதைப் போய் அராவச் சொல்றீங்களே.”

“என் பல்லு, உனக்கின்னா சார்?”

அவர் பெருமூச்சு விட்டு ஒரு கைக்கண்ணாடியை நீட்டினார், சிரியுங்கள், எவ்வளவு தெரிகிறது பார்க்கலாம் என்றார். சிரிப்பதா... வாயை இழுத்துப் பார்த்தாள், உதடு மேலே ஏறினால்தான் பல்லே தெரிகிறது, சும்மா இருந்தால் ஒன்றுமே தெரியவில்லை, அப்படியானால் வேதாவுக்கு இதைக் காட்ட... அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா? அந்தச் சிறுக்கியைப் பார்த்தா? தோடு போனதிலிருந்து அவள் எதிரில் வந்தாலே உதடு பூட்டிக்கொள்கிறதே, இதில் நிச்சயதார்த்தக் கூட்டத்தில் அவள் முகத்துக்கு நேராக, மனசு நிறைந்தவள் மாதிரி சிரிப்பதா, அதைப் பார்த்து அண்ணிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டால்?

முன்பல்லா, கடைவாயா என்று டாக்டர் மறுபடி கேட்டார். கங்கையம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.