நானூற்று முப்பது சதவீதம்

நாமக்கல் வட்டாரத்துத் தீவன வியாபாரிகள் நாச்சிமுத்துவை அவர் காதுபடாமல் 'நூத்துக்கு நூறு' என்பார்கள். தன் கோழிப்பண்ணைக்குத் தீவனம் வந்து இறங்கியதும் மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டைப் பிரித்து, புரதம் இவ்வளவு, நார் இவ்வளவு, ஈரம் இவ்வளவு என்று விரல்விட்டுக் கூட்டுவார். கூட்டல் நூற்றைத் தாண்டினால் போச்சு, லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒரு தடவை நூற்று மூன்று வந்த சீட்டு ஒன்றைப் பிடித்து, விற்றவனைச் சந்தையில் வைத்து நாறடித்துவிட்டார். அந்தப் பெருமை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷம் வரைக்கும் அவரை விட்டு இறங்கவில்லை. இந்த மனிதர் தனக்கு அப்பாவாக வாய்த்தது தன் யோகம் என்று வசந்தாமணி சலித்துக்கொள்ளாத நாளில்லை.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்கச் சேந்தமங்கலத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பாலசுந்தரத்துக்கு அங்கே கடைவீதியில் மளிகைக்கடை. புதிதாகச் சத்துமாவு பானம் ஒன்றுக்கு ஏஜென்சி எடுத்திருந்தான். அதனால் பூ, பழத்தட்டோடு பளபளவென்று ஒரு 'பீமாமால்ட்' டப்பாவும் கூடத்துக்குள் வந்தது. வசந்தாமணி காப்பி கொடுத்துவிட்டு நிமிர்ந்த நேரம் பார்த்துப் பண்ணையிலிருந்து தப்பிய ஒரு பெட்டைக்கோழி தட்டில் ஏறி நின்று, டப்பாவில் தெரிந்த தன் மூஞ்சியையே கொத்த ஆரம்பித்தது. பெரியவர்கள் பதறினார்கள். பாலசுந்தரமோ காப்பி டம்ளர் கையில் இருப்பதையே மறந்து விழுந்து விழுந்து சிரித்தான். காப்பி முழுக்க வெள்ளை வேட்டியில் கொட்டியது. அதைப் பார்த்து அவன் இன்னும் சிரித்தான்.

வசந்தாமணி அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். கட்டினால் இந்த ஆள், இல்லாவிட்டால் எவனும் வேண்டாம். உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அம்மா ஆத்தாயி முதுகில் ஒன்று வைத்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

பேச்சு முடிந்து வாக்குக் கொடுப்பதுதான் பாக்கி. அந்த நேரத்தில் நாச்சிமுத்து டப்பாவைத் திருப்பினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் தமிழிலேயே போட்டிருந்தது, தினம் இரண்டு கப் குடித்தால் என்னென்ன கிடைக்கும் என்று. புரதம் 25, இரும்பு 80, கால்சியம் 75, வைட்டமின் ஏ 90, பி 100, சி 60. எல்லாம் சதவீதம். அவர் விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கின. வசந்தாமணி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"நானூத்தி முப்பது!" என்றார். "ஏனுங் மச்சான், ஒரு டப்பாக்குள்ள நூறுக்கு மேல எப்புடிங்க அடங்கும்? அதுல இரும்பு மட்டும் எம்பதாமா! இது குடிக்கறதுங்களா, லாரி அச்சுங்களா?"

மாப்பிள்ளையின் அப்பா மருதாசலத்துக்கு மீசை துடித்தது. நாச்சிமுத்து அதைக் கவனிக்காமல், தீவனத்தில் கிடக்கும் ஆணி பொறுக்கும் காந்தத்தைக் கொண்டுவந்து டப்பாவில் வைத்தார். படக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா!"

"மாமா, டப்பாவே இரும்புத் தகடுங்க," என்றான் பாலசுந்தரம். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூடியைத் திறந்து மாவை வாழையிலையில் கொட்டினான். காந்தம் மாவின் மேல் அங்கும் இங்கும் உலாத்தியது. ஒரு துகள்கூட மேலே வரவில்லை. மானம் தப்பியது என்று வசந்தாமணி மூச்சு விட்டாள்.

"அப்ப எம்பது பங்கு இரும்புன்னு எழுதிப்போட்டு, ஒரு துளிகூடப் போடல!" என்று முழங்கினார் நாச்சிமுத்து. "டப்பாவுல ஏச்சா, பொறவு எதுல ஏய்க்க மாட்டாங்க?"

மருதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். பாலசுந்தரம் ஏதோ விளக்க வாயெடுத்தான். அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசல் தாண்டும்போது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வசந்தாமணிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அன்று சாயங்காலம் தீவனக் கொட்டகையில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பண்ணைக்குத் தீவனம் கலப்பவள் அவள்தான். அந்த எண்களுக்கு அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி ஓடியதை அப்போதுதான் பார்த்தாள். 'நடுத்தர உழைப்புள்ள ஓர் ஆணின் ஒரு நாள் தேவையில்.' இரண்டு தடவை படித்தாள். துள்ளி எழுந்தவள் ஓடிப்போய் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கோழிக் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"ஏனுங்ப்பா, இந்தக் கோழிக்கு ஒரு நாளைக்கு வேணுங்கற புரதத்துல பாதிதான் குடுத்தோம்னு வெச்சுக்கங்க. எத்தன பர்சென்ட்டு?"

"அம்பது."

"சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல முழுசா வெச்சுட்டோம்?"

"நூறு."

"கூட்டுங்க. கோழிக்குள்ள நூத்தம்பது பர்சென்ட்டு இருக்குதா?"

"போடி இவளே, அது வேற தேவை, இது வேற தேவை. அதையும் இதையும் எவனாச்சும் கூட்டுவானா?" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நீங்க கூட்டினீங்கப்பா. மூட்டைச் சீட்டு, மூட்டைக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லுது. இந்த டப்பா, குடிக்கற ஆளுக்கு வேணுங்கறதுல எவ்வளவு தருதுன்னு சொல்லுது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நூறு. மனுசனுக்கு இரும்பு ஒரு நாளைக்குச் சிட்டிகைகூட வேண்டாம், அந்தத் துளியிலதான் எம்பது. நாம கலக்கற தாது உப்புல இல்லாத இரும்பா? அதுல என்னைக்காவது உங்க காந்தம் ஒட்டியிருக்குதா?"

நாச்சிமுத்து கோழியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு கொட்டகை அதிரச் சிரித்தார். தன்னைப் பார்த்தே சிரிக்க அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் வசந்தாமணிக்குத் தெரிந்தது. டப்பாவை வாங்கி அந்தக் கடைசி வரியை அவரும் முணுமுணுத்துப் படித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏனென்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோக முட்டை அட்டைகளை வேனில் ஏற்றினார்கள். வசந்தாமணியும் ஏறி உட்கார்ந்தாள்.

"பொண்ணு மாப்பள ஊட்டுக்குப் போறது எந்த ஊரு வழக்கம்டி?" என்று ஆத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"முட்டை ஒடையாமப் புடிக்க ஆளு வேணுமல்லம்மா!"

சேந்தமங்கலத்தில் கடை திறந்த கையோடு வேன் போய் நின்றது. மருதாசலம் கல்லாவிலிருந்து எழவில்லை. நாச்சிமுத்து டப்பாவைக் கல்லாமேல் வைத்துக் கைகூப்பினார்.

"தப்பு எம்மேலதானுங் மச்சான். கூட்டக்கூடாதத கூட்டிப்போட்டேன். என்ற புள்ளதான் புரிய வெச்சுது."

மருதாசலத்தின் முகம் கொஞ்சம் இளகியது.

"ஆனா இன்னொரு சந்தேகம் இருக்குதுங்க," என்றார் நாச்சிமுத்து.

வேனில் இருந்த வசந்தாமணிக்கு உயிர் போய் வந்தது. கையிலிருந்து ஒரு முட்டை நழுவி மடியில் உடைந்தது.

"இதுல போட்டிருக்கற நூறு, நடுத்தரமா ஒழைக்கற ஆம்பளைக்காம். என்ற புள்ள விடிஞ்சா மூட்டை தூக்குவா, ஆயிரம் கோழிக்குத் தண்ணி காட்டுவா, அதோட எங்கம்மா மாதிரி என்னையும் திட்டுவா. இந்த நூறு அவளுக்குப் பத்தாதுங்க. அவளுக்கு எவ்வளவு வேணும்னு இத்தன நாளா எனக்கு மட்டுந்தான் தெரியும். இனி..." குரல் உடைந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி நீங்க பாத்துக்கோணும்," என்றார்.

அப்பா இப்படிப் பேசி வசந்தாமணி கேட்டதே இல்லை. மருதாசலம் எழுந்து வந்து நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குள் நின்ற பாலசுந்தரம் பெரியவர்களைப் பார்க்கவில்லை. முட்டை வழியும் சேலையோடு உட்கார்ந்திருந்தவளைத்தான் பார்த்தான்.

"நானூத்தி முப்பது குடுக்கறேனுங் மாமா," என்றான்.

முந்தானை வாய்க்குப் போவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கடைவீதியே திரும்பிப் பார்க்க வசந்தாமணி சிரித்தாள்.